இரண்டு விசில்

இன்றைக்கு எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் போதும், நடப்பதெல்லாம் அப்புறம். விசிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் ஊதவில்லை. ஊதி அவர் எழாமல் போனால் அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஊதாதவரை ஏதோ மிச்சம் இருக்கிறது. மருதமுத்து அண்ணன் சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல வரவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டால் எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் இறங்குமே, அப்படி. கண் திறந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் காலண்டர், பக்கத்தில் அணைத்து வைத்த டிவி. எதைப் பார்க்கிறார், காலண்டரையா, டிவியையா, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெறும் சுண்ணாம்பையா. சளிக் காய்ச்சல் வந்து படுத்ததிலிருந்து விசிலுக்கும் எழவில்லை. அதற்கு முன்னால் விசிலுக்கு மட்டும்தான் எழுந்தார். உள்ளே மதினி பைக்கு ஜிப் போடுகிற சத்தம் கேட்கிறது. போட்டு, திறந்து, எதையோ திணித்து, மறுபடியும் போடுகிறாள். "எதுக்கும் இருக்கட்டும்னு கட்டி வைக்கிறேன் தம்பி, போறதுன்னு இல்ல," என்று நான் வந்ததும் சொன்னாள், கேட்காமலேயே. மகன் தினகரன் ஓசூரிலிருந்து விடியும் முன்பே காரை எடுத்துவிட்டானாம். நேற்றுப் போனில் என்னிடம்தான் பேசினான். "சித்தப்பா, அப்பா எந்திரிக்கிறாருன்னா, நான் தெனமும் கூட்டிக்கிட்டு நடக்கிறேன்டான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அங்கயே விட்டுட்டு நிம்மதியா வந்துர்றேன். இல்லேன்னா ரெண்டு பேரையும் இங்க கூட்டிக்கிட்டு வந்துர்றேன். அம்மாவால தனியா தூக்க முடியல." ஒரு வார்த்தை. முந்தின மாதம் கேட்டிருந்தால் அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன். நேற்று, "வா, பாத்துப் பேசிக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். லாலாப்பேட்டை. அதற்கு அடுத்தது. வேண்டாம், இப்போது வேண்டாம்.

இந்த நாற்காலியை நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம். டெப்போவில் அது வழக்கம். ஓய்வு பெறுகிறவருக்குக் கடைசி டிரிப் நாளில் பொன்னாடை, மாலை, ஒரு சாய்வு நாற்காலி. இவ்வளவு காலம் உழைத்தாயே, இனிமேல் உட்கார் என்று அர்த்தம். டிரைவருக்கும் அதுதான், கண்டக்டருக்கும் அதுதான், டிரைவர் உட்கார்ந்து உட்கார்ந்துதானே வேலை பார்த்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. கரூரில் ஏற்றி, அவரே ஓட்டுகிற பஸ்ஸின் கூரையில் கட்டி, குளித்தலையில் இறக்கினோம். வழியெல்லாம் கூரையில் அது கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. "யோவ் வையாபுரி, மேல ஒருத்தன் டிக்கெட் எடுக்காம வர்றான்யா, போய்க் கேளு," என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கொடுத்த நாற்காலியில் நான் துண்டு காயப்போடுகிறேன். எனக்கு உட்கார வராது. ஒரே பஸ், ஒரே சாலை, இருபது வருடத்துக்கு மேல். அவர் உட்கார்ந்தே வந்தார், நான் நின்றே வந்தேன். கண்டக்டருக்கும் ஒரு சீட் உண்டு, அதில் எப்போதும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ கோழிக்கூடையோ இருக்கும். சாயங்காலம் பிடிசோறு தின்றுவிட்டுக் காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கெண்டைக்கால் நரம்பு பச்சை பச்சையாகப் புடைத்திருப்பதைத் தடவிக்கொண்டே நினைப்பேன், கொடுத்து வைத்த மனுஷன், சீட்டில் துண்டை விரித்தானா, உட்கார்ந்தானா, கரூர் வந்துவிட்டது. கரூரிலும் இறங்க மாட்டார். டீயை நான்தான் வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் வழியாக நீட்டுவேன். இறங்கி ஏறினால் முட்டி வலிக்கிறது என்பார். வீட்டுக்கு வந்தால் மதினி தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள், தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள், கை கழுவக் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஏந்துவாள். ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். "இத்தன வருசம் ஓட்டுன மனுசன், உக்காரட்டும் தம்பி." அன்பாகத்தான் செய்தாள். நாங்களும் அன்பாகத்தான் அந்த நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினோம். திருச்சி டாக்டர் பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது அண்ணன் "சாவி" என்றார். டாக்டர் எங்களைப் பார்த்து, "உக்காந்தே செய்யற வேலையா?" என்றார். மூளையை எடுத்த படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கோடை முற்றினால் வெற்றிலைக் கொடிக்கால் மண் பாளம் பாளமாக விலகுமே, அப்படி இருந்தது. "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, இதுவும் ஒண்ணு. காலும் ஒரு பம்ப் மாதிரிதான், அசைச்சாத்தான் மேல ரத்தம் நல்லாப் போகும். தெனமும் நடக்க வைங்க. போனது திரும்ப வராது. இருக்கிறது கொஞ்சம் மெதுவாப் போகும்." மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டேன், "நான் நின்னே வேல பாத்தவன் டாக்டர், அப்ப எனக்கு இந்த மறதி வராதா?" கேட்டிருக்கக்கூடாது. அவர் படத்தை இறக்கிக்கொண்டே சிரித்தார். "நின்னவங்களுக்கும் வரும். கொஞ்சம் கம்மியா வரலாம், கொஞ்சம் லேட்டா வரலாம். எழுதியெல்லாம் தர முடியாது." திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நான் குளித்தலை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

விசிலை உதட்டில் வைத்தாயிற்று. இரும்பு ருசி. உள்ளே உருளுகிற சின்னக் குண்டு பல்லில் வந்து தட்டுகிறது. இதை நான் கண்டுபிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், கண்டெல்லாம் பிடிக்கவில்லை. அன்றைக்கு மதினி அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல், தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் முயன்று பார்த்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருந்த பழைய விசிலை இரண்டு தடவை ஊதினேன். ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் எடு. அண்ணனுடைய இடது கால் தரையில் அழுந்தியது. கிளட்ச். இடது கை பக்கத்தில் நீண்டு இல்லாத கியரைத் தேடியது. முதுகு நாற்காலியை விட்டுப் பிரிந்து முன்னால் வந்தது. கிளம்ப வேண்டும் என்பது மட்டும் எங்கேயோ அவருக்குக் கேட்டுவிட்டது. அந்தக் கையைப் பிடித்து நான் தூக்கினேன், எழுந்துவிட்டார். கொஞ்ச நாளில் தூக்கவும் வேண்டியதில்லை. இரண்டு விசில், எழுவார், நடப்பார். ஒரு விசில், நிற்பார். நான் பின்னாலேயே வருவேன், பின் படிக்கட்டு ஆள் பின்னால்தானே. ஆனால் நான் யார் என்று அவருக்குத் தெரியாது. எதிரில் போய் நின்று, "அண்ணே, நான் யாரு சொல்லுங்க" என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மரியாதையாக, "வாங்க, உக்காருங்க" என்பார். முதலில் வலித்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், என் முகத்தை அவர் எங்கே நேராகப் பார்த்தார், வருடக்கணக்காகத் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில்தானே பார்த்தார். காலையில் வண்டியில் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, பின்படியில் நான் நிற்பது தெரிகிற மாதிரி வைத்துக்கொண்ட பிறகுதான் சாவியையே போடுவார். ஊதிவிட்டேன். இரண்டு. சின்ன வீட்டுக்குள் அது எவ்வளவு பெரிய சத்தம். உள்ளே ஜிப் சத்தம் நின்றது. மதினி கதவோரத்தில் வந்து நிற்பது தெரிகிறது, திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனுடைய காலைப் பார்க்கிறேன். நகம் வளர்ந்திருக்கிறது. பெருவிரல் மட்டும் அசைந்த மாதிரி இருந்தது, அசைந்ததா, நான் நினைத்துக்கொண்டேனா. இன்னொரு தடவை ஊதக்கூடாது, அவசரப்படுத்துகிற கண்டக்டர் அவருக்கு ஆகாது, "பொறுய்யா, மாட்டு வண்டியா ஓட்டுறேன்" என்பார். பெருவிரல் அழுந்துகிறது. பாதம் அழுந்துகிறது. கை நீள்கிறது. "வந்துட்டாரு, வந்துட்டாரு," என்று மதினி மூச்சுக்குள்ளேயே சொல்கிறாள். எழுந்துவிட்டார்.

தெருவில் வெயில் இன்னும் முகத்தில் அடிக்கவில்லை. பாஷா டீக்கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "என்ன கண்டக்டரே, வண்டி ஒரு வாரமா டெப்போவுலயே கெடந்துச்சு, எஞ்சின் ரிப்பேரா?" என்கிறான். "எஞ்சின் நல்லாருக்கு, ஸ்டார்ட்டர்தான் மக்கர்" என்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் பேசி எத்தனை நாளாகிறது. அண்ணன் முன்னால் போகிறார், வேட்டி நுனி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, தோள் ஆடாமல், கை ஆடாமல், பஸ் போகிற மாதிரியே. சைக்கிள் வருகிறது, ஒரு விசில், நிற்கிறார். இரண்டு விசில், எடுக்கிறார். தினகரன் வந்து இதைப் பார்க்கட்டும். பார்த்தால் போதும், அவனே விட்டுவிட்டுப் போவான், நான் வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. தென்கரை வாய்க்காலில் தண்ணீர் பாதிக்குப் போகிறது. படித்துறையில் துணி துவைக்கிற பழனியம்மாள், "எனக்கொரு டிக்கெட் குடு கண்டக்டரே, கரூருக்கு" என்று கத்துகிறாள், "துணிமூட்டைக்கு லக்கேஜ் சேத்துப் போட்டுருவேன்" என்கிறேன், "அட கஞ்சப்பயலே" என்று சிரிக்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு கூடை. கூடை என்றதும் அது வந்துவிட்டது. வராமல் இருக்கட்டும் என்று காலையிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன். குளித்தலை. மணத்தட்டை. லாலாப்பேட்டை. அதற்கப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம்தான் மகாதானபுரம். கிருஷ்ணராயபுரம், மாயனூர், மணவாசி, புலியூர், கரூர். எல்லாம் வரிசையாக இருக்கின்றன, பல்வரிசையில் ஒன்று போன இடம் மாதிரி அது ஒன்று மட்டும் இல்லை. பலகை வைத்த நிறுத்தம் இல்லை அது, கை காட்டினால் நிறுத்துவோம். இடம் தெரிகிறது. சாலையிலிருந்து வாய்க்காலுக்கு இறங்குகிற சிமெண்ட் குழாய் தெரிகிறது, அதன்மேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். வெற்றிலைக் கூடைக்காரி தெரிகிறாள், இடது கண்ணில் பூ விழுந்தவள், கூடையை ஈரச் சாக்கால் மூடியிருப்பாள், அவள் ஏறினாலே பஸ் முழுக்க வெற்றிலை வாசம். கூடையைப் படியில் வைக்காதே என்று நானும், மடியிலா வைப்பேன் என்று அவளும் தினமும் சண்டை. அந்த வாசம்கூட இப்போது மூக்கில் இருக்கிறது. இறங்குகிற ஆளுக்காக நான் ஒவ்வொரு நாளும் தொண்டை கிழிய அந்தப் பெயரைக் கத்தியிருக்கிறேன். அந்தப் பெயர் மட்டும் இல்லை. யாரையாவது கேட்கலாம். பழனியம்மாளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்டால், கண்டக்டருக்கே நிறுத்தம் மறந்துபோச்சு என்று ஒரு பேச்சு கிளம்பும், பேச்சு கிளம்பினாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். போய்ப் பார்த்தும் வரவில்லை என்றால். வயசானால் எல்லாருக்கும் மறக்கும், ஒரு பெயர் மறப்பது ஒரு விஷயமா, என் அப்பா எங்கள் பெயரையே மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார். ஆனால் அவர் கண்டக்டர் இல்லை. அண்ணனும் ஆரம்பத்தில் பெயரைத்தான் விட்டார். முதலில் மதினியின் தங்கை பெயர், பிறகு கறிக்காரன் பெயர். எல்லாரும் சிரித்தோம். நான் நின்றவன். தினமும் நடக்கிறவன். இவரை நடத்துகிற சாக்கில் நானும் நடந்துவிடுகிறேன், மதினிக்காகவும் அண்ணனுக்காகவும்தான் என்று சொல்லிக்கொள்கிறேன், பாதி எனக்காகத்தான். குளித்தலை. மணத்தட்டை. லாலாப்பேட்டை.

மதகு வந்ததும் ஒரு விசில் ஊதி நிறுத்தினேன். இங்கே அண்ணனைக் கொஞ்சம் மூச்சு வாங்க விடுவேன். தண்ணீர் பலகையில் மோதி நுரைக்கிற சத்தம். ஒரு மீன்கொத்தி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சரி வீட்டுக்குப் போகலாம் என்று விசிலை வாயில் வைத்தேன். மதகுக்கு அந்தப் பக்கம் வழி இரண்டாகப் பிரிந்து போனது. இரண்டு பக்கமும் வாழை. வீட்டுக்கு எது. சிரிப்பு வந்தது முதலில், இதென்ன விளையாட்டு, தினமும் போகிற வழி. இடதா, வலதா. இடது பக்க வாழையைப் பார்த்தேன், வாழையாக இருந்தது. வலது பக்க வாழையைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. தெரியவில்லை என்பதுகூடச் சரியில்லை. தெரியாத ஊருக்குப் போனால் தெரியாது என்பதாவது உறுதியாகத் தெரியும், கேட்டுக்கொண்டு போய்விடலாம். இது தெரிந்த இடம், ஒவ்வொரு கல்லும் தெரிந்த இடம், ஆனால் அதற்கு உள்பக்கம் இல்லை. யாரோ வாழையையும் வழியையும் துணியில் வரைந்து முன்னால் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. விசில் வாயில் இருக்கிறது, ஊதினால் அவர் நடப்பார், எந்தப் பக்கம் நடப்பார், தப்பான பக்கம் போனால் எனக்குத் தெரியுமா. ரயில்வே கேட் இந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. எந்தப் பக்கம். ஊத முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது, மீன்கொத்தி அங்கேயே இருந்தது, அதனால் ரொம்ப நேரம் இருக்காது. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விசிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய இரண்டு கைகளும் மெல்ல மேலே வந்தன, பெரிய வட்டமாக எதையோ பிடித்தன, இடது பக்கமாகச் சுற்றின, கைக்கு மேல் கை மாற்றி, நிதானமாக, திருப்பத்தில் பஸ்ஸை ஒடிப்பது போல. இடது பக்க வழியில் இறங்கி நடந்தார். விசில் இல்லாமல் அவர் வண்டியை எடுத்து நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே போனேன். வாழைக்குள் நாலு எட்டு வைத்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது, பம்புசெட், முள்வேலி, நம் தெருவின் பின்பக்கம், மதினி வீட்டு முருங்கை. வந்துவிட்டதே என்று மனம் துள்ளவில்லை. என் பேண்ட் ஈரமாக இருந்தது, பயந்து போய்ப் பார்த்தேன், வாய்க்கால் தண்ணீர்தான் தெறித்திருந்தது. வாய்க்கால் தண்ணீர்தான். இப்போது நினைத்தாலும் வாய்க்கால் தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு முன்னால் அண்ணனுடைய முதுகு போய்க்கொண்டிருந்தது. பெண்டாட்டி பெயர் தெரியாத முதுகு. என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

வாசலில் கார் நின்றது. தினகரன் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தான். "அப்பா, நடக்குறீங்களாப்பா! அம்மா சொன்னப்ப நான் நம்பல." அண்ணன் அவனைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் கார் கண்ணாடியைத் துடைத்தான். மதினி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் இந்த ஊரை விட்டு எங்கேயும் போய் நிலைத்து இருந்தவள் இல்லை. ஓசூரில் நாலாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல், பக்கத்து வீட்டில் பேசுவது என்ன பாஷை என்றே தெரியாது என்று போன தடவை போய்விட்டு வந்து சொன்னாள். இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க சித்தப்பா," என்றான் தினகரன். "இப்பிடி நடக்குறாருன்னா இங்கயே இருக்கட்டும். நான் மாசத்துக்கு ரெண்டு தடவ வந்து பாத்துக்குறேன். ஆனா நீங்க கூட இருக்கணும். உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்." மதினி சொன்னாள், "தம்பி சொல்றத நான் கேட்டுக்குறேன்." காபியைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. சொல்லிவிடலாம். சரிடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, மதினி பையைப் பிரித்துவிடுவாள், நாளைக்குக் காலையில் இரண்டு விசில், பாஷாவின் கேலி, படித்துறை, மதகு. மதகு. மதகில் நான் நிற்பேன், அவருக்குக் கை எழும்பாத ஒரு நாள் வரும், அன்றைக்கு நாங்கள் இருவரும் அங்கே நிற்போம், அவர் விசிலுக்காக, நான் எதற்காக என்று தெரியாமல். அல்லது நான் ஊதிவிடுவேன். அவர் நடந்துவிடுவார். நான் ஊதினால் அவர் எங்கே வேண்டுமானாலும் நடப்பார், அதுதான். ரயில்வே கேட் வலது பக்கம். இப்போது நன்றாகத் தெரிகிறது, வலது பக்கம். "என் முழங்கால் முன்ன மாதிரி இல்ல தினகரா," என்றேன். "கூட்டிக்கிட்டுப் போ." மதினி குனிந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். இன்னும் பாதி இருந்தது. "முழங்காலா தம்பி?" என்றாள். "ஆமா மதினி." அவள் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். இருபது வருடம் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தவள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், ஜிப் சத்தம் கேட்டது.

"லிஃப்டுல ஏத்தாத, படியிலயே கூட்டிக்கிட்டுப் போ. ஏறி எறங்கட்டும். டிவி முன்னாடி உக்கார வச்சுறாத. டம்ளர கையில கொண்டாந்து குடுக்காத, எந்திரிச்சு வந்து எடுக்கட்டும்." கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன், தினகரன் சரி சித்தப்பா, சரி சித்தப்பா என்றான். "இந்தா விசில். ரெண்டு ஊதுனா எந்திரிப்பாரு, ஒண்ணு ஊதுனா நிப்பாரு." கொடுத்துவிட்டேன். சட்டைப் பை லேசாகிவிட்டது. அண்ணனை முன் சீட்டில் உட்காரவைத்திருந்தார்கள், பெல்ட் போட்டாயிற்று. மதினி பின்னால், மடியில் பை, முகத்தை முந்தானை மறைத்திருந்தது. நாற்காலியை ஏற்ற இடமில்லை, இங்கேயே இருக்கட்டும் என்று வீட்டைப் பூட்டினார்கள். தினகரன் சாவியைப் போட்டதும் அண்ணன் கையை நீட்டிக் கியரைப் பிடித்துக்கொண்டார். "அப்பா, விடுங்கப்பா." விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தான், மறுபடியும் பிடித்தார். "விசில் வரல," என்றார். வாங்க, உக்காருங்க தவிரப் பல மாதமாக அவர் வாயிலிருந்து அப்படித் தெளிவாக ஒரு பேச்சு வந்ததில்லை. தினகரன் என்னைப் பார்த்தான், கையிலிருந்த விசிலைப் பார்த்தான், கூச்சத்தோடு வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினான். நீளமாக, போலீஸ்காரன் மாதிரி ஊதினான். அண்ணன் தலையைக்கூட அசைக்கவில்லை. வெளியூர் வண்டி விசிலுக்கு யார் வண்டியை எடுப்பான். "நீங்களே ஊதுங்க சித்தப்பா," என்று ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு காருக்குப் பின்னால் போனேன். பின்னால் போகவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கால் அங்கேதான் போனது. கண்ணாடி வழியாக அவருடைய பின்னந்தலை தெரிந்தது, நரைத்த முடி சுழி விட்டிருந்தது. கியரை விட்டுவிட்டுக் கையை மேலே தூக்கினார். காருக்குள் தொங்குகிற சின்னக் கண்ணாடியைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பினார். "கண்ணாடிய விடுங்கப்பா" என்று தினகரன் சொல்வது கேட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கொஞ்சம் மேலே. அந்தக் கண்ணாடியில் இரண்டு கண்கள் வந்து நின்று என்னைப் பார்த்தன. தோளுக்குக் கீழே சரிந்திருந்த உடம்பு நிமிர்ந்தது. "வையாபுரி ஏறிட்டானா?" என்றார். பிறகு மதினியின் குரல், "ஏறிட்டாரு. எடுக்கச் சொல்லுங்க தம்பி." விசிலை வாயில் வைத்தேன். இரண்டு. சின்னதாக, வெட்டி வெட்டி, கூட்டத்துக்கு நடுவில் ஊதுகிற மாதிரி. அண்ணன் முன்னால் பார்த்தார். கார் நகர்ந்தது. பாஷா கடையைத் தாண்டியது, திருப்பத்தில் இடது பக்கம் ஒடிந்தது, மறைந்துவிட்டது. விசில் என் வாயிலேயே இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தேனா. கூப்பிடலாம், போன் பண்ணலாம், மணத்தட்டைகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். இரண்டு விசில் கொடுத்தால் அடுத்த நொடியில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கும், கண்டக்டர் உடம்புக்கு அது தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் கால்கள் அகலமாக ஊன்றியிருந்தன. வலது கை தலைக்கு மேல் தூக்கி எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்தது. நடுத்தெருவில் அப்படியே நின்றேன். உலுக்கல் வரவில்லை.